ஆகாயத்திலிருந்து வந்தவர்களும் ஆள் மாறி வந்தவரும்

படம் வாங்கி ஊர் ஊராகக் கொடுக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். வேற்றுக்கிரகத்து ஆட்கள் பூமியின் மேல் படையெடுத்து வருகிற படங்கள் நம் சனங்களுக்குப் பிடிக்குமா, போட்டால் கூட்டம் வருமா என்று. நான் பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்பேன். இந்த வருஷம் அந்த ஊர் எதற்குப் பயந்துகொண்டிருக்கிறது? அது தெரிந்தால் படம் என்ன செய்யும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தெரியாமல் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு விநியோகக் கம்பெனியில் பிரதிநிதியாக இருந்தேன். படப்பெட்டியோடு போய், படம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்து, முடிந்ததும் பெட்டியைத் திரும்பக் கொண்டுவருவது வேலை. பாலக்காட்டின் கிழக்குப் பக்கமும் இடுக்கி மலைத்தோட்டங்களும் என் பொறுப்பு. ஆங்கிலப் படமென்றால் கூடுதலாக ஒரு வேலை உண்டு. வசனம் யாருக்கும் புரியாது என்பதால், கொட்டகையின் மைக்கைப் பிடித்துக்கொண்டு நானே தமிழில் கதை சொல்ல வேண்டும். "இப்போது இவன் பொய் சொல்கிறான், அவள் அதை நம்பிவிட்டாள்" என்கிற மாதிரி. அதற்காகவே சில ஊர்களில் என்னைக் கேட்டு வாங்கினார்கள்.

என்னிடம் அப்போது ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. எங்கோ ஒரு சுரங்க ஊரில் ஆகாயத்திலிருந்து ஒளியோடு ஓடங்கள் இறங்கும். தங்கள் சொந்தக் கிரகம் அழிந்துபோய் அதில் வந்தவர்கள் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகத் தூக்கிப் போவார்கள். சில நாள் கழித்துத் திருப்பி அனுப்புவார்கள். முகம் அதே முகம், நடை அதே நடை. ஆனால் உள்ளே ஆள் இருக்காது. பிறகு பட்டாளம் வரும். இவ்வளவுதான் கதை. அந்த ஒரே பெட்டியை நாலைந்து வருஷம் சுமந்தேன்.

முதலில் நல்லேப்பிள்ளியில் போட்டோம். எழுபத்தொன்றில் கிழக்கே நடந்த யுத்தம் முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ராத்திரி விளக்கை மறைக்கச் சொன்னதும், ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டதும் யாருக்கும் மறக்கவில்லை. திரையில் ஓடம் இறங்கிய உடனே மண் தரையில் இருந்தவர்கள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டுக் கேட்டார்: "ஏனுங்க, அது எந்த நாட்டு விமானமுங்க?" ஆகாயத்தில் இருந்து வருகிறது என்று மைக்கில் சொன்னேன். "அது தெரியுதுங்க. எந்த நாடுன்னு சொல்லுங்க" என்றார். படம் முடிகிற வரைக்கும் அவருக்கு அதுதான் சந்தேகம். ஆபீசுக்குத் திரும்பி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது எங்கள் மேனேஜர் சிரிக்கவில்லை. "நீ திரையப் பார்த்துக் கதை சொல்ற. இனிமே அவங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்லு" என்றார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அநேகமாக அது ஒன்றுதான்.

அடுத்து, இடுக்கியில் ஒரு ஏலத்தோட்டம். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, தோட்டத்து ஹாலில் படம். தொழிலாளிகள் எல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் வந்தவர்கள். அந்த நேரத்தில் வெளியூர்க்காரர்கள் மலையை விட்டுப் போகவேண்டும் என்று கீழே யாரோ கூட்டம் போட்டுப் பேசியதாக ஒரு பேச்சு தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்தது. நான் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு போனேன். கடைசியில் பட்டாளம் வந்து அந்தப் பள்ளத்தாக்கையே கொளுத்துகிற காட்சி. வந்தவர்களில் ஒன்று தன் குட்டிகளை அணைத்துக்கொண்டு நெருப்புக்குள் ஓடும். நல்லேப்பிள்ளியில் அந்த இடத்தில் கைதட்டினார்கள். இங்கே யாரும் தட்டவில்லை.

படம் முடிந்து பெட்டியைக் கட்டும்போது ஞானப்பூ என்று ஒரு அம்மா வந்தார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து ஏலம் பறித்தவர்.

"அண்ணாச்சி, அவுகளுக்குச் சொந்த ஊரு அழிஞ்சு போச்சுன்னுதான சொன்னீக?"

"ஆமாம்மா."

"அப்ப எங்கிட்டுத்தான் போவாக?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விட்டார். சனங்கள் பூமியின் பக்கம் நின்று பயப்படுவார்கள் என்று நினைத்து நாம் படம் போடுகிறோம். பார்க்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

இந்த இரண்டையும் சொன்னது மூன்றாவதற்காக.

எமர்ஜென்சி வந்து ஒரு வருஷம் போல ஆகியிருந்தது. எருத்தேன்பதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தை ஊர், பெயர் வேண்டாம். அங்கே வேலுச்சாமி என்பவர் டூரிங் கொட்டகை நடத்திவந்தார். நிலக்கடலையும் கரும்பும் போடுகிற விவசாயி. சினிமா ஆசையில் கொட்டகை வைத்தவர். தமிழ்ப் படம் ஒன்று வராமல் போனதால் அவசரமாக இந்தப் படத்தைக் கேட்டார். பெட்டியோடு போய் இறங்கினேன்.

அந்த ஊரில் தங்கவேலு என்று ஒருவர் இருந்தார். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சங்கத்தில் முன்னால் நிற்கிறவர், நன்றாகப் பேசுவார் என்று சொன்னார்கள். ஒருநாள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றவரை ஜீப்பில் வந்து கொண்டுபோனார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவர் மனைவி ராமாத்தா ஒவ்வொரு காவல் நிலைய வாசலாகப் போய் நின்றாள். பல வாரம் கழித்து விடியற்காலையில் அவரைச் சந்தை மேட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். உடம்பில் வெளியே தெரிகிற காயம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். உட்காரச் சொன்னால் உட்காருவார். பிள்ளை மடியில் ஏறினால் கை அசையாது. அவரிடம் பேசுகிறவர்களையும் விசாரிப்பார்கள் என்ற பயத்தில் அந்த வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று சாயங்காலம் மைக்கைப் பிடித்தபோது தெரியாது.

கூட்டம் நன்றாக இருந்தது. பின்னால் நாற்காலியில் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் ஏட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எல்லாப் படத்துக்கும் வருவார், டிக்கெட் கிடையாது. ஒரு இடத்தில், திரும்பி வந்த கணவனைப் பார்த்து அந்தப் பெண் பின்னால் பின்னால் போகிறாள். நான் சொன்னேன்: "இது என் புருஷன் இல்லை என்கிறாள். முகம் அவர் முகம்தான், ஆனால் இவர் வேறு யாரோ என்கிறாள். யாரும் நம்பவில்லை."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. அழுகை இல்லை, வேறு மாதிரி ஒரு சத்தம்.

"நெசமுங்க! என்ர ஊட்டுக்காரரும் அப்படித்தானுங்க! கொண்டுட்டுப் போனாங்க, வேற ஆளயல்லோ திருப்பி அனுப்பிச்சுட்டாங்க! அவிய எங்கீங்க? ஆராவது கேட்டுச் சொல்லுங்க!"

ஏட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார் என்பது திரை வெளிச்சத்தில் தெரிந்தது. இருட்டில் யார் கத்தினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

டூரிங் கொட்டகையில் ஒரே ஒரு மெஷின்தான். ஒரு ரீல் முடிந்தால் அடுத்ததை மாட்டுகிற வரைக்கும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்த ரீல் முடியப் போகிறது. விளக்கு எரிந்தால் பெண்கள் பக்கத்தில் நிற்கிற ஒரே ஆள் கத்திய அந்தப் பெண்ணாக இருப்பாள், அது ராமாத்தா என்று எனக்கு அப்போது தெரியாது.

மைக்கை மூடிக்கொண்டு, ஆபரேட்டர் அந்தோணியிடம் சொன்னேன்: "விளக்கப் போடாதே. டார்ச்சுல மாத்து."

"சனங்க சத்தம் போடுவாங்க சார்."

"நான் பார்த்துக்கறேன். போடாதே."

ரீல் முடிந்து திரை இருட்டானது. நான் கதையை நிறுத்தவில்லை. படத்தில் இல்லாத கதை. என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. ஓடம் திரும்ப வருகிறது, ஊரே கதவைச் சாத்துகிறது, ஒரு பெண் மட்டும் பிள்ளையை எடுத்துக்கொண்டு தோட்டத்து வழியாகப் போகிறாள், அவளுக்கு ஊர்ப் பெண்கள் வழி விடுகிறார்கள், கையைப் பிடித்து வெளியே அனுப்புகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். பெண்கள் பக்கத்தில் டிக்கெட் கிழிக்கிற அம்மாவுக்கு அது போதும் என்று நம்பினேன். போதுமாக இருந்தது. சேலைகள் உரசுகிற சத்தமும் படுதாவைத் தூக்குகிற சத்தமும் எனக்குக் கேட்டன. ஏட்டு "லைட்டு! லைட்டு!" என்று கத்தினார். பியூஸ் போய்விட்டது என்று வேலுச்சாமி இருட்டிலேயே பதில் சொன்னார். நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

விளக்கு வந்தபோது பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ராமாத்தா இல்லை.

ஏட்டு மலையாளமும் தமிழும் கலந்து கேட்டார். "ஆரு கத்தினது? பறயணும்!"

முதல் வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டு போனார். "கேக்கலீங்க." "படத்துல வந்த சத்தமுங்க." "எனக்குக் காது மந்தமுங்க." ஒரு ஆள் கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீ மைக்கில் எந்தா சொன்னது?"

"படத்துல இருக்கறதச் சொன்னேங்க."

இனிமேல் மைக்கில் ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்தைத் தவிர ஒன்றும் சொல்லக்கூடாது, சொன்னால் கொட்டகை இருக்காது என்று ஏட்டு வேலுச்சாமியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி நான் நன்றாகச் செய்தேன் என்றே நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். படத்தில் அந்தப் பெண் சொன்னதை ஊரில் யாரும் நம்பவில்லை. அதை எழுதியவன் பயந்தது அதற்கு. இந்த ஊரில் எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

ஒரு வாரத்துக்குள் தங்கவேலுவுக்குப் பெயர் வந்துவிட்டது: ஆள் மாறி வந்தவர். முதலில் சின்னப் பிள்ளைகள் சொன்னார்கள். அப்புறம் பெரியவர்களும். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் அந்தத் தெருவில் மாடு ஓட்டிக்கொண்டு போகமாட்டார்கள். டீக்கடையில் அவருக்குக் கொடுத்த கிளாசைக் கடைக்காரர் உடைத்துப் போட்டார். யாரோ கல்லெறிந்ததில் நெற்றி கிழிந்தது. அவர் துடைக்கக் கூட இல்லை, ரத்தம் தானாகக் காய்ந்ததாம். ஜீப்பையும் ஏட்டையும் ஒன்றும் செய்ய முடியாத ஊருக்கு, கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒருவர் கிடைத்துவிட்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ராமாத்தாவைக் காட்டிக்கொடுக்காத அதே ஆட்கள்தான்.

ஒரு மாதம் கழித்து வேறொரு படப்பெட்டியோடு, பக்திப் படம், அங்கே போனேன். மதியம் கொட்டகையில் நானும் வேலுச்சாமியும் இருந்தபோது ராமாத்தா வந்தாள். நான் அவளை வெளிச்சத்தில் பார்த்தது அப்போதுதான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"மைக்குல கத சொல்றவிய நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு நாந்தான் கத்துனனுங்க. எனக்கு மனசு தாங்காம சொல்லிப் போட்டனுங்க. அத ஊரு புடிச்சுக்கிச்சு. இப்ப அவர அடிக்கறாங்க. கெணத்துல தண்ணி எடுக்க உட மாட்டேங்கறாங்க. அவரு என்ர ஊட்டுக்காரருதானுங்க. அடிச்சு அடிச்சு அப்படி ஆக்கிப் போட்டாங்க, அவ்வளவுதான். நான் ஒவ்வொருத்தரு கிட்டயும் சொல்லிப் பாத்தனுங்க. நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க மைக்குல சொன்னா நம்புவாங்க."

வேலுச்சாமி தலையை ஆட்டினார். "ஆகாதும்மா. ஏட்டு சொல்லிட்டுப் போயிருக்கறாரு. கொட்டகையப் பிரிச்சுப் போடுவாங்க."

"அப்ப நானே சொல்றனுங்க."

நான் அவளிடம் மெதுவாகச் சொன்னேன். நீ சொன்னால் அன்று கத்தியது நீதான் என்று ஏட்டுக்குத் தெரிந்துவிடும், உன்னையும் கொண்டுபோவார்கள், பிள்ளை இருக்கிறது, யோசித்துப் பார் என்று.

"தெரியட்டுமுங்க" என்றாள். "அவர அங்க கொண்டுட்டுப் போனப்பக் கூட ஊரு அவரு பேரச் சொல்லித்தான் பேசுச்சு. இப்ப பேரே இல்லாமப் பண்ணிட்டமுங்களே."

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. மறுத்தால் அவள் வீடு போய்ச் சேருவாள், அவர் கல்லடி பட்டுச் சாவார். மைக்கைக் கொடுத்தால் அவளை என்ன செய்வார்கள் என்று தெரியாது. இதில் சரியான பதில் ஒன்று இருந்ததாக இன்று வரை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டியது நான் இல்லை, அவள் ஏற்கனவே தேர்ந்தெடுத்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது. நான் வேலுச்சாமியைப் பார்த்தேன். அவர் டிக்கெட் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "நான் வெளிய டிக்கெட் கவுண்டருல இருந்தன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல் ஆட்டத்தில், படம் தொடங்குமுன், விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போதே அவளிடம் மைக்கைக் கொடுத்தேன். ஏட்டு தன் நாற்காலியில் இருந்தார். அவள் இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தங்கவேலு சம்சாரமுங்க. அன்னிக்குக் கத்துனது நாந்தானுங்க. நான் சொன்னது தப்புங்க. எங்க ஊட்ல இருக்கறது என்ர ஊட்டுக்காரருதானுங்க. தாலி கட்டுனவரு. கஞ்சிக்கோட்ல வேல செஞ்சவரு. உங்க எல்லாருக்கும் தெரிஞ்சவரு. அவர வேற ஆளுன்னு சொல்லாதீங்க. அவரு மாறி வரலீங்க. அவர மாத்துனாங்க."

அவ்வளவுதான் பேசினாள். ஏட்டு எழுந்து வந்து, அவசரமே இல்லாமல், அவளை வெளியே வரச் சொன்னார்.

மறுநாள் காலையில் நானும் வேலுச்சாமியும் காவல் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் போய் நின்றோம். உள்ளே போய்க் கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. ஊர்க்காரர்கள் சிலரும் வந்து தள்ளித் தள்ளி நின்றார்கள். வெயில் ஏறிய நேரத்தில் சாலையில் ஒருவர் தனியாக வந்தார். நெற்றியில் பழைய கட்டு. தங்கவேலு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத ஆள். யார் அவரிடம் சொன்னார்கள் என்று தெரியாது. பக்கத்து வீட்டில் பேசியது காதில் விழுந்திருக்கலாம்.

அவர் நேராக நிலையத்தின் கேட்டுக்கு வந்து, அதன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். காவலர் ஒருவர் வந்து போகச் சொன்னார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சீருடை பக்கத்தில் வந்ததும் அவர் உடம்பு முழுக்க நடுங்கியது, வேட்டி நனைந்தது. அது சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கே தெரிந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. காவலர் லத்தியால் தோளைத் தள்ளினார். சாய்ந்தார், திரும்ப நேராக உட்கார்ந்தார்.

முதலில் டீக்கடைக்காரர் அழுதார். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றார். இன்னொருவர் போனார். கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் அங்கே நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. போட முடிகிற காலமும் இல்லை. சும்மா நின்றார்கள். நாங்களும் போய் நின்றோம்.

சாயங்காலம் அவளை வெளியே விட்டார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அவள் அவரைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, "வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். அவர் எழுந்து அவளோடு நடந்தார்.

நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். கொட்டகைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை. வேலுச்சாமி கம்பங்களைப் பிடுங்கி விற்றார். என் வேலை தப்பியது, ஆனால் மைக்கில் கதை சொல்வதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. தங்கவேலு பேசவே இல்லை. அவரை ஊர் மறுபடி பேர் சொல்லிக் கூப்பிட்டது, தண்ணீர் கொடுத்தது, அவ்வளவே. எமர்ஜென்சி முடிந்து ஓட்டுப் போட்ட அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போனேன். ராமாத்தா வாசலில் இருந்தாள். நான் உட்கார்ந்ததும் அவளே கேட்டாள்.

"ஏனுங்க, நான் பாதியில எந்திருச்சுப் போயிட்டனுங்களே. அந்தப் படத்துல அந்தப் பொம்பள என்ன ஆனா?"

"ஊரை விட்டு ஓடிப் போயிடுவாம்மா. தப்பிச்சுக்குவா."

"புருசன்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். "கொளுத்திருவாங்க. வந்தவங்களோட சேர்த்து, திரும்பி வந்தவங்களையும்."

அவள் சொன்னாள்:

"அப்ப அது நெசமாவே அவன்தானான்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமயே போச்சுங்க. பாவம்."